வேண்டுமென்றே செய்தால் தப்பு தப்பில்லையா? 'வியர்ட்' படத்தின் ஆண்டுக் குழப்பங்கள்

காலக்கோடு:

'வியர்ட்: தி ஆல் யாங்கோவிக் ஸ்டோரி' படத்தை நேற்று மூன்றாவது முறையாகப் பார்த்தேன். இந்தத் தடவை பக்கத்தில் நோட்டும் பேனாவும் இருந்தன. ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

படம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. ஆல் யாங்கோவிக் அமெரிக்காவில் நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பகடிப் பாட்டுப் பாடுகிறவர். ஹிட்டான பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வரிகளை மட்டும் மாற்றுவார். பல நேரம் அது சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கும். மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' இவரிடம் 'ஈட் இட்' ஆனது. மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' இவரிடம் 'லைக் எ சர்ஜன்' ஆனது. தோளில் ஓர் அக்கார்டியன் (துருத்தியை விரித்து மூடி வாசிக்கிற பெட்டி), உடம்பில் பூப்போட்ட ஹவாய் சட்டை. 2022-இல் வந்த படத்தில் இவராக நடித்தவர் டேனியல் ராட்கிளிஃப். எரிக் ஆப்பெல் இயக்கினார், திரைக்கதையில் யாங்கோவிக்குக்கும் பங்கு உண்டு. பாடகர்களின் வாழ்க்கைப் படங்கள் எப்படியெல்லாம் ஊதிப் பெருக்குகின்றன என்று கிண்டல் செய்வதுதான் நோக்கம். அது புரிந்துதான் எழுதுகிறேன்.

படத்தில் ஆல் கொலம்பியாவுக்குப் போய் போதைமருந்துக் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரைக் கொல்கிறார். நிஜத்தில் எஸ்கோபார் செத்தது 1993 டிசம்பரில், கொலம்பியப் போலீசின் கையில். படத்தில் ஆலே 1985-இல் சுடப்பட்டுச் சாகிறார். நிஜத்தில் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டையும் நான் பிழை என்று எழுதிக்கொள்ளவே இல்லை. பொய் என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் சிரிப்பு வருகிறது.

என் புகார் வேறு. ஆலின் நிஜ வரிசை இது: 'மை பலோனா' 1979, 'அனதர் ஒன் ரைட்ஸ் தி பஸ்' 1980, 'ஐ லவ் ராக்கி ரோடு' 1983. படத்தில் மதுக்கடை மேடையில் 'ராக்கி ரோடு' பாடி முடித்த பிறகுதான் நீச்சல்குள விருந்தில் 'பஸ்' பாட்டு வருகிறது. 'ராக்கி ரோடு' ஜோன் ஜெட்டின் 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' பாட்டைப் பகடி செய்வது. ஜெட்டின் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது 1982 மார்ச்சில். 'பஸ்' பகடி செய்கிற, பிரிட்டிஷ் ராக் குழு குயினின் பாட்டு வந்தது 1980-இல். இப்படி வரிசையை மாற்றியதால் ஒருவருக்கும் சிரிப்பு வராது, ஏனென்றால் மாறியதே ஒருவருக்கும் தெரியாது. சிரிப்பும் தராத பொய் படத்தில் எதற்கு?

அப்புறம் டிவி பேட்டியாளர் ஓப்ரா வின்ஃப்ரீ. ஆல் அவருடைய நிகழ்ச்சியில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கிறார். அந்த நிகழ்ச்சி நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது 1986 செப்டம்பர் 8. ஆல்தான் 1985-லேயே செத்துவிட்டாரே!

கடைசியாக 'ஆமிஷ் பாரடைஸ்'. நவீன வசதிகளை ஒதுக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களைப் பற்றிய 1996 பாட்டு அது. அதைச் செத்துப்போகிற அன்று விருது மேடையில் பாடுகிறார்.

துருத்தி:

காலக்கோடு சார், உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் அளக்கிற கோலே இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

ஆல் என்ன செய்கிறார்? மெட்டைத் தொடமாட்டார், வரியை மாற்றுவார். இந்தப் படத்திலும் அதையேதான் செய்திருக்கிறார். பாடகர் வாழ்க்கைப் படம் என்பதற்கு ஒரு மெட்டு உண்டு. புரிந்துகொள்ளாத அப்பா, ஒளித்து வைத்த வாத்தியம், திடீரென்று ஊற்றெடுக்கிற முதல் பாட்டு, சண்டைக்கு நிற்கிற கூட்டத்துக்கு முன்னால் முதல் மேடை, வழிகாட்ட வருகிற பெரியவர், போதை, தலைக்கனம், விழுவது, அப்பாவோடு சமாதானம். இந்த வரிசையில் ஓர் இடம்கூடப் பிசகாமல் படம் போகிறது. அதுதான் மெட்டு. அதற்குள் வைத்திருக்கிற சம்பவங்கள்தான் வரி. பகடிப் பாட்டில் போய் வரியை ஏன் மாற்றினாய் என்று கேட்பீர்களா?

முரட்டு மதுக்கடைக்கு 'ராக்கி ரோடு' தேவைப்பட்டது. காலால் தாளம் தட்ட வைக்கிற பாட்டு அது, கூட்டத்தைத் திருப்ப அதுதான் சரி. நீச்சல்குளத்தில், எல்லாப் பிரபலங்களும் சுற்றி நின்று சவால் விடும்போது, அந்த இடத்திலேயே கட்டிப் பாட 'பஸ்' தேவைப்பட்டது. ஆண்டுப்படி மாற்றி வைத்துப் பாருங்கள், இரண்டு காட்சியுமே படுத்துவிடும்.

இன்னொன்று. 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' ஜோன் ஜெட்டின் சொந்தப் பாட்டு இல்லை. தி ஆரோஸ் என்ற குழு 1975-லேயே பாடியது. அதனால் 1980-க்கு முன்னால் ஒருவர் அதைப் பகடி செய்திருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்ல முடியாது.

காலக்கோடு:

நண்பரே, ஆரோஸ் பாட்டைக் கேட்டிருக்கிறேன். ஆல் பகடி செய்தது அதை அல்ல, ஜெட்டின் வடிவத்தை. அந்தக் கனமான கிடார் அடியையும் சேர்ந்து கத்துகிற கூட்டக் குரலையும் அக்கார்டியனுக்கு மாற்றியதுதான் 'ராக்கி ரோடு'. 1975-ஐக் காட்டித் தப்பிக்க முடியாது.

மெட்டு, வரி என்று நீங்கள் சொன்னது அழகான விளக்கம். அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆலின் பகடி ஏன் நிற்கிறது? வரி மாறினாலும் சந்தம் மாறாது. மூலப் பாட்டில் எத்தனை அசையோ அத்தனை அசை, எங்கே மூச்சு விடுகிறார்களோ அங்கேயே மூச்சு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் உதடு ஒன்றாக அசையும். அவ்வளவு கறாரான ஆள் தன் சொந்தக் கதையில் மட்டும் ஆண்டை அலட்சியமாக விடலாமா? எனக்கு வருத்தம் அதில்தான். இந்த மனிதரை எனக்குப் பிடித்ததே அந்தக் கறாருக்காக.

குயின் பித்து:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஆண்டுப் பிழை என்று அழவேண்டிய படம் வேறு இருக்கிறது. குயின் குழுவைப் பற்றி 2018-இல் வந்த 'போஹிமியன் ராப்சடி'.

எங்கள் பாட்டுகளை என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் 'ஃபேட் பாட்டம்ட் கேர்ள்ஸ்' பாடுகிறார்கள். குயின் அமெரிக்கா போனது 1974-இல், பாட்டு வந்தது 1978-இல். 'வி வில் ராக் யூ' 1977 பாட்டு. படத்தில் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி மீசையோடும் வெட்டிய முடியோடும் நிற்கும்போது, 1980 என்று போட்டு அதைப் பிறக்க வைக்கிறார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியின் மேடைக்கு முன்னால் குழு பிரிந்து கிடந்தது, ஃபிரெடி திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார் என்று காட்டுகிறார்களே, அதை என்னால் தாங்கவே முடியவில்லை. 1984-இல் 'தி வொர்க்ஸ்' தட்டு வந்தது. 1985 ஜனவரியில் ரியோவில் பாடினார்கள். அந்த ஆண்டு மே வரை சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். ஜூலை 13 லைவ் எய்ட். எங்கே பிரிந்தார்கள்? தன் எய்ட்ஸ் நோய் பற்றி ஃபிரெடி நண்பர்களிடம் அதற்கு முன்பே சொல்வதாகக் காட்டியதும் அப்படித்தான். அது உறுதியானது 1987-இல் என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு மனிதரின் மரண நோயையே கிளைமாக்ஸுக்கு வசதியாக முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அந்தப் படத்துக்குச் சிறந்த படத்தொகுப்பு உட்பட நான்கு ஆஸ்கர். பார்த்தவர்களில் பாதிப் பேர் அதுதான் வரலாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 'வியர்ட்' பார்த்துவிட்டு எஸ்கோபாரை ஆல் கொன்றார் என்று யாராவது நம்புவார்களா? பொய் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்கிறவரைப் பிடித்து உலுக்குகிறீர்கள் சார். மெய் என்று சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவர் விருதோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

துருத்தி:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், குயின் பித்து முந்திக்கொண்டார். 'வியர்ட்' கிண்டல் செய்வதே இப்படிப்பட்ட படங்களை. அந்தப் படங்கள் ஆண்டை வளைப்பதால் இந்தப் படமும் வளைக்கிறது. வளைக்காமல் ஒழுங்காக எடுத்திருந்தால் எதைக் கிண்டல் செய்திருப்பார்கள்?

காலக்கோடு:

இருவருக்கும் சேர்த்தே பதில். 'போஹிமியன் ராப்சடி' செய்தது பெரிய தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இதை விட்டுவிட முடியாது. ஆண்டை வளைப்பதைக் கிண்டல் செய்கிறார்கள் என்றால் வளைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'ஈட் இட்' விஷயத்தைப் பாருங்கள், அங்கே எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள்! ஆல் யாருடைய மெட்டையும் எடுக்காமல் சொந்தமாக 'ஈட் இட்' எழுதுகிறார். பிறகு மைக்கேல் ஜாக்சன் அதைப் பகடி செய்து 'பீட் இட்' வெளியிட, ஆல் கொதித்துப் போகிறார். நிஜத்தில் 'பீட் இட்' 1983 தொடக்கத்தில் தனித்தட்டாக வந்தது. 'ஈட் இட்' வந்தது 1984-இல், அதுவும் ஜாக்சனின் சம்மதத்தோடு. இங்கே காலத்தைத் தலைகீழாகத் திருப்பியதுதான் நகைச்சுவை. உலகத்துக்கே தெரிந்த வரிசை அது, அதனால் திருப்பியதும் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். 'ராக்கி ரோடு' இடமாற்றத்தில் அந்த வேலை எங்கே நடக்கிறது? நான் பிரிப்பது இந்த இரண்டையும்தான். தலைகீழ் வேறு, நழுவல் வேறு.

கிளாப் போர்டு:

நான் சில வருடம் சீரியலில் உதவி இயக்குநராக இருந்தவள். கன்டினியூட்டி பார்த்ததும் நான்தான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்லலாமா?

இங்கே இரண்டு விஷயத்தை ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். ஆண்டு தப்பாக வருவது எழுதும் மேசையில் நடக்கிறது. ஷாட்டுக்கு ஷாட் பொருந்தாமல் போவது படப்பிடிப்புத் தளத்தில் நடக்கிறது. முதலாவதற்கு யோசிக்க நேரம் இருக்கும், இரண்டாவதற்கு இருக்காது.

எனக்கு நடந்தது. ஒரு வீட்டுக் காட்சி. அம்மா காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு மகளிடம் பேச வேண்டும். தூர ஷாட்டில் டம்ளர் வலது கையில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு க்ளோசப் எடுத்தோம். நான் புடவை மடிப்பைப் பார்த்தேன், பூ எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்த்தேன், நெற்றிப் பொட்டைப் பார்த்தேன். காலையில் எடுத்த போட்டோவும் கைபேசியில் இருந்தது. டம்ளர் இடது கைக்குப் போனதை மட்டும் பார்க்கவில்லை. எடிட்டில் உட்கார்ந்தபோது ஒரே வசனத்துக்குள் டம்ளர் கை மாறிக் குதித்தது. அந்த க்ளோசப்பில்தான் அந்த அம்மா நிஜமாகவே அழுதிருந்தார். எடிட்டர் அதையே வைத்துக்கொண்டார். ஒளிபரப்பான அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஆனால் டம்ளரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அழுகையைப் பற்றித்தான் பேசினார்கள்.

'வியர்ட்' படத்தை 18 நாளில் எடுத்து முடித்தார்கள். பாட்டு, சண்டை, விருந்து, ஆஸ்பத்திரி, காடு, விருது விழா எல்லாம் சேர்த்து 18 நாள். அதில் ஒரு ஹவாய் சட்டைப் பொத்தானை நான்கு கோணத்தில் ஒரே மாதிரி வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அதனால் தளத்தில் நடக்கிற நழுவலை நான் மன்னிப்பேன். காலக்கோடு சொல்வது அது இல்லை. அவர் சொல்வது மேசையில் நடந்தது. அங்கே 18 நாள் கணக்கைக் கொண்டுவர முடியாது. இதில் நான் அவர் பக்கம்.

துருத்தி:

அக்கா, நீங்களே அவர் பக்கம் போய்விட்டீர்களா!

தளத்துப் பிழை பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்கிறேன். நான் சின்ன வயதிலிருந்து ஹார்மோனியம் வாசிப்பவன், பிறகு அக்கார்டியனும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இந்தப் படத்தில் நான் பயந்தது அந்தத் துருத்திக்குத்தான். விரிந்திருக்கிற துருத்தி அடுத்த ஷாட்டில் மூடியிருந்தால், வாசிப்பவன் கண்ணுக்கு அது உடனே தெரியும். காற்று உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்பதை வைத்துத்தான் சொற்றொடரே மூச்சு விடும். கிடார் வாசிப்பதாக நடிக்க விரலை மட்டும் மறைத்தால் போதும். அக்கார்டியனில் நெஞ்சு, தோள், இடது மணிக்கட்டு எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். ராட்கிளிஃப் மெனக்கெட்டுக் கற்றுக்கொண்டு நடித்தார். 'மை பலோனா' காட்சியில் அவர் தோள் பாட்டோடு சேர்ந்து இழுபடுவதைப் பாருங்கள். அலட்சியமான படத்தில் இது இருக்காது.

அப்புறம், காலக்கோடு சார் பட்டியலில் இல்லாத ஒரு காலக் குழப்பத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். படத்துக்காக ஆல் அந்தப் பழைய பாட்டுகளையெல்லாம் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். அவர் பிறந்தது 1959 அக்டோபர். திரையில் வீட்டை விட்டு இப்போதுதான் கிளம்பிய பையன், அந்தப் பையனின் வாயில் 62 வயதுக்காரரின் குரல். 1979-இல் 'மை பலோனா'வை அவர் கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த கழிப்பறையில் போய்ப் பதிவு செய்தார். ஓடு பதித்த சுவரில் குரல் மோதித் திரும்பும் என்பதற்காக. அந்தப் பழைய பதிவை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். அக்கார்டியனும் ஒரு பையனின் கீச்சுக் குரலும் மட்டும்தான், சுற்றிலும் ஈரச் சுவரின் எதிரொலி. படத்தில் கழிப்பறை இருக்கிறது, அந்த எதிரொலி இல்லை. எனக்கு இதுதான் பெரிய இழப்பு. ஆண்டு இல்லை.

காலக்கோடு:

இதை நான் கவனிக்கவில்லை. நன்றி, உண்மையாகவே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வருகிறேன்.

கழிப்பறை வந்ததால் இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் உண்மையே படத்தைவிட விசித்திரமாக இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரணமானதை வைத்திருக்கிறார்கள். 'லைக் எ சர்ஜன்' என்ற யோசனை மடோனாவிடமிருந்தே வந்தது. ஆல் எப்போது இதை 'லைக் எ சர்ஜன்' ஆக்கப்போகிறார் என்று அவர் ஒரு தோழியிடம் கேட்டிருக்கிறார். அந்தத் தோழிக்கு ஆலின் மேலாளரைத் தெரியும். பேச்சு அப்படியே ஆல் காதுக்கு வந்தது. மூலப் பாட்டுக்காரரே பகடிக்குத் தலைப்புக் கொடுத்த கதை! படத்தில் அது அடிபட்டு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கும்போது ஆலுக்கு உதிக்கிறது.

'பஸ்' பாட்டும் அப்படித்தான். 1980 செப்டம்பர் 14 அன்று, வேடிக்கைப் பாட்டுகளைப் போடுகிற டாக்டர் டிமென்டோவின் வானொலி நிகழ்ச்சியில் நேரடியாகப் பாடினார். கூட இருந்த ஜான் 'பெர்முடா' ஷ்வார்ட்ஸ் அக்கார்டியன் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டார். அன்று முதல் அவர்தான் ஆலின் டிரம்மர். குயினின் மூலப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்ததே அக்டோபரில்தான். அதாவது மூலம் உச்சிக்குப் போகும் முன்பே பகடி காற்றில் வந்துவிட்டது. இதைவிட நல்ல காட்சி வேண்டுமா?

துருத்தி:

பெட்டியைத் தட்டுவதைப் படத்திலும் எடுத்துக்கொண்டார்கள், நீச்சல்குளத்தங்கரையில். அந்தக் குளக்கரையில் யார் யார் என்று ஞாபகம் இருக்கிறதா? வார்ஹால், டாலி, டிவைன், டைனி டிம், ஆலிஸ் கூப்பர். அந்தப் பாட்டை எழுதிய குயினின் ஜான் டீக்கன்கூட அங்கேயே நிற்கிறார். இத்தனை பேரும் ஒரே விருந்துக்கு வரமாட்டார்கள் என்று சொல்லித்தானே அவர்களை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மடோனாவும் அப்படியே. படத்தில் தன் பாட்டைப் பகடி செய்யச் சொல்லி அவரே ஆலைத் தேடி வருகிறார். நிஜத்தில் நடந்த ஒரு வரிப் பேச்சை விதையாகப் போட்டு, மரமாக வளர்த்திருக்கிறார்கள். தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்பது சரியில்லை.

'ஆமிஷ் பாரடைஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. கூலியோவின் 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' 1995, ஆலின் பகடி 1996, அது சரி. ஆனால் கூலியோ மெட்டை எடுத்ததே ஸ்டீவி வொண்டரின் 1976 பாட்டு 'பாஸ்டைம் பாரடைஸ்' இடமிருந்து. மெட்டு 1985-இல் இருந்தது.

காலக்கோடு:

மெட்டு இருந்தது, ராப் நடை இல்லை. மேடையில் ஆல் பாடுவது கூலியோவின் நடையில்.

ஆனாலும் இதை 'நழுவல்' பக்கத்திலிருந்து எடுத்து 'தலைகீழ்' பக்கத்தில் போடுகிறேன். தொண்ணூறுகளின் பாட்டு என்று கேட்ட உடனே எல்லாருக்கும் தெரியும், மறைக்கவும் இல்லை. நான் சொன்ன விதிப்படியே இது தப்பிக்கிறது.

எடிசன்வாசி:

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு, நிகழ்ச்சி, ஆண்டு என்று எல்லாவற்றையும் பேசிவிட்டீர்கள். அந்த அப்பா அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே?

படத்தில் அப்பா நிக், தொழிற்சாலையில் வேலை செய்கிற கடுகடுப்பான மனிதர். அக்கார்டியன் விற்க வீட்டுக்கு வந்தவரை அடித்து நொறுக்குகிறார். அம்மா மேரி மகனுக்கு அதை ரகசியமாக வாங்கித் தருகிறார். நிஜத்திலும் அப்படி ஒரு விற்பனையாளர் வாசலுக்கு வந்தார். ஆனால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்துதான் பையனுக்கு அக்கார்டியன் பாடம் எடுத்துக் கொடுத்தார்கள். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் முதல் பாடம். எது உனக்குச் சந்தோஷம் தருகிறதோ அதையே பிழைப்பாக வைத்துக்கொள், வெற்றி என்பது அதுதான் என்பது அந்த அப்பாவின் எண்ணம்.

2004 ஏப்ரலில் அவர்கள் இருவரும் வீட்டிலேயே கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவால் ஒன்றாக இறந்துபோனார்கள். சுற்றுப்பயணத்தில் இருந்த ஆல் செய்தி கேட்ட அன்றும் மேடை ஏறிப் பாடினார். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் இவர் பாட்டைக் கேட்டுத்தான் அமெரிக்கக் கிண்டல் என்றால் என்ன என்றே புரிந்துகொண்டேன். அதனால் அந்தச் செய்தி என்னை ரொம்பவே பாதித்தது. பதினெட்டு வருடம் கழித்துப் படம் வந்தபோது அந்த அப்பாவை இப்படிக் காட்டியதும் சட்டென்று மனது வலித்தது. ஓப்ரா நிகழ்ச்சி எந்த வருடம் வந்தால் என்ன? தவறு என்று சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்.

குயின் பித்து:

அக்கா சொல்வது நியாயம். எங்கள் படத்திலும் அதே கதைதான். உயிரோடு இருப்பவரைத் தவறாகக் காட்டினால் அவர் பேட்டி கொடுத்து மறுக்கலாம். போனவர்கள் யாரிடம் போய் மறுப்பார்கள்? 2007-இல் வந்த 'வாக் ஹார்ட்' இதே வகைக் கிண்டல்தான். ஆனால் அதில் வருகிற பாடகர் கற்பனை ஆள். அவருடைய அப்பா எவ்வளவு கொடுமைக்காரராக இருந்தாலும் யாருக்கும் வலிக்காது. இங்கே நிஜப் பெயர்.

துருத்தி:

எடிசன்வாசி அக்கா, உங்கள் வலி புரிகிறது. எனக்கும் முதல் முறை பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது, அதைச் சொல்கிறேன்.

அந்த அப்பா கடைசியில் யார் என்று தெரிகிறது? அவரும் ஆமிஷ் ஊரில் பிறந்து, அக்கார்டியன் ஆசையால் அங்கிருந்து விலக்கப்பட்டவர். தனக்கு நடந்தது மகனுக்கு நடக்கக்கூடாது என்றுதான் அத்தனை கடுமை. விருது மேடையில் மகன் 'ஆமிஷ் பாரடைஸ்' பாடுவது அப்பாவின் அந்தக் கதையைத்தான். காலக்கோடு சார் 1996 என்று சொன்னாரே, அதே பாட்டு. ஆல் தன்னிடம் இருக்கிற அத்தனை பாட்டிலும் அப்பாவுக்குக் கொடுக்க அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆண்டு பார்த்திருந்தால் அந்தப் பாட்டு படத்தில் வந்திருக்கவே முடியாது.

இன்னும் ஒன்று. இதை வேறு யாரோ எழுதியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கோபப்பட்டிருப்பேன். எழுதியது மகன்.

எடிசன்வாசி:

மகன் எழுதியது என்பதை நானும் யோசித்தேன் தம்பி. அதனால் கோபம் இல்லை. வருத்தம் மட்டும் இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்த என் மகன், "ஆலின் அப்பா உண்மையிலேயே அப்படியா?" என்று கேட்டான். எஸ்கோபாரைப் பற்றி அவன் கேட்கவில்லை. அது பொய் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அப்பாவைப் பற்றித்தான் கேட்டான், ஏனென்றால் அப்படி அப்பாக்கள் நிஜத்தில் உண்டு. உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன்.

காலக்கோடு:

அக்கா, உங்கள் மகன் கேட்ட கேள்வியில் நான் முதலில் சொல்ல வந்தது முழுதாக இருக்கிறது. எந்தப் பொய் பொய் என்று தெரிகிறது, எது தெரியாமல் உள்ளே போய்விடுகிறது என்பதுதான் என் புகார். நான் அதைப் பாட்டு வரிசையில் தேடிக்கொண்டிருந்தேன். அது அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

என் நோட்டில் இப்போது மூன்று இருக்கின்றன: அப்பா, 'ராக்கி ரோடு', ஓப்ரா.

கிளாப் போர்டு:

ஓப்ராவையும் எடுத்துவிடலாம் சார். அவர் சிகாகோவில் உள்ளூர்க் காலை நிகழ்ச்சிக்கு வந்தது 1984 ஜனவரியில். 1985-லேயே அந்த நிகழ்ச்சிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1986 என்பது நாடு முழுக்கப் போனது மட்டும்தான். செத்துப்போகிற வருடம் ஆல் சிகாகோவுக்குப் போய்ப் பேட்டி கொடுத்திருக்க இடம் இருக்கிறது. எழுதியவர்கள் இதை யோசித்து வைத்தார்களா இல்லையா என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கணக்கு இடிக்கவில்லை.

காலக்கோடு:

1985 என்றால் இடிக்கவில்லைதான். எடுத்துவிட்டேன்.

'மை பலோனா' இரண்டு பதிவையும் இப்போது அடுத்தடுத்துக் கேட்டேன். துருத்தி சொன்னது சரி. பழையதில் கடைசிச் சுரம் நின்ற பிறகும் சுவர் ஒரு நொடி பாடிக்கொண்டிருக்கிறது.